போன் அப்டேட்: போனிலேயே போடுவதா, கணினியில் இணைத்துப் போடுவதா?

புதிய ஆண்ட்ராய்டோ ஐஓஎஸ்ஸோ வந்துவிட்டது என்றால் பெரும்பாலோர் செட்டிங்ஸுக்குப் போய் அப்டேட் பட்டனைத் தொடுவார்கள். ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் போனுக்கு அதுவே போதும் என்பதுதான் என் எண்ணமும். கேபிளையும் கணினியையும் தேட வேண்டிய சூழல்கள் மூன்று. போனில் இடமே இல்லை. அல்லது அப்டேட் பாதியில் நின்று லோகோவிலேயே மாட்டிக்கொண்டது. அல்லது அதே மாடல் வைத்திருக்கும் மற்றவர்களுக்கு வந்த பதிப்பு நமக்கு மட்டும் வந்தபாடில்லை.

குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. கணினி வழியாக என்று தேடினால் ஐட்யூன்ஸ், ஸ்மார்ட் ஸ்விட்ச், ஓடின், ஏடிபி, ஃபாஸ்ட்பூட் என்று பல பெயர்கள் வந்து விழும். எல்லாமே கேபிள் மாட்டிச் செய்வதுதான். ஆனால் ஒன்றில் ஒரு போட்டோகூடப் போகாது. இன்னொன்றில் முதல் அடியிலேயே போன் முழுக்கத் துடைக்கப்பட்டுவிடும். எது வேகம், எது சுலபம் என்று ஒப்பிடுவதால் பெரிய பயன் இல்லை. நான் கேட்கும் கேள்விகள் இரண்டு: உள்ளே இருப்பவை பத்திரமாக இருக்குமா? நடுவில் நின்றுபோனால் பழைய நிலைக்குத் திரும்ப முடியுமா? ஒவ்வொரு வழியையும் இந்த இரண்டையும் வைத்துத்தான் பார்க்கப் போகிறேன்.

போனிலேயே போடுவது

இரண்டாவது கேள்விக்கு உங்கள் போன் எந்த வகை என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். 2016-இல் ஆண்ட்ராய்டு 7 வந்தபோது கூகுள் ஒரு நல்ல ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. சிஸ்டம் இருக்கும் பகுதியை ஏ, பி என்று இரண்டாக வைத்தார்கள். நீங்கள் ஏ-யில் போனைப் பயன்படுத்திக்கொண்டிருக்கும்போதே புதிய பதிப்பு பின்னணியில் பி-யில் எழுதப்படும். முடிந்ததும் ஒரு ரீஸ்டார்ட், அவ்வளவுதான். பி சரியாகக் கிளம்பவில்லை என்றால் போன் தானாகவே ஏ-க்குத் திரும்பிவிடும். கூகுளின் சொந்த பிக்சல் போன்களில் ஆரம்பத்திலிருந்தே இந்த முறைதான். சாம்சங் வெகுநாள் கழித்துத்தான் இதற்கு வந்தது: 2024-இல் கேலக்ஸி ஏ55, அப்புறம் 2025-இல் எஸ்25 வரிசை.

உங்கள் போன் எந்த வகை என்று கண்டுபிடிப்பது எளிது. அப்டேட் போடும்போது போனைப் பயன்படுத்தவே முடியாமல், சதவீதம் மட்டும் ஓடும் திரையில் நெடுநேரம் நிற்கிறதென்றால் அது பழைய முறை. இருக்கும் சிஸ்டத்தின் மீதே புதியதை எழுதுகிறது. நடுவில் சார்ஜ் தீர்ந்தால் திரும்பிப்போக இன்னொரு பிரதி கிடையாது. அப்படிப்பட்ட போனில் பாதிக்குக் குறைவான சார்ஜோடு அப்டேட் போடுவது வேண்டாத வேலை.

தரவு விஷயத்தில் இந்த வழியைப் போலப் பாதுகாப்பானது வேறில்லை. இறங்கும் கோப்பும் சிறியது. பழைய பதிப்புக்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே அனுப்புவதால், மாதாந்திரப் பாதுகாப்பு அப்டேட்கள் பெரும்பாலும் சில நூறு எம்பிக்குள் முடிந்துவிடும். நாளுக்கு ஒன்றரை ஜிபி, இரண்டு ஜிபி என்று ரீசார்ஜ் செய்து ஓட்டும் வீட்டில் இது சின்ன விஷயம் இல்லை. கணினி வழிகள் அநேகமாக எல்லாமே முழுக் கோப்பையும் இறக்கச் சொல்லும். வைஃபை இணைப்பு இல்லாமல் அதில் இறங்காதீர்கள்.

ஐபோன்: கணினி வழி தெளிவாக இருக்கும் இடம்

2011-இல் ஐஓஎஸ் 5 வரும்வரை ஐபோனை அப்டேட் செய்யக் கணினி கட்டாயம். அந்தக் காலத்திலிருந்து வந்த பழக்கம் என்பதாலோ என்னவோ, ஆப்பிளின் கணினி வழி இன்றைக்கும் மற்ற எல்லாருடையதையும்விடச் சீராக இருக்கிறது. மேக்கில் 2019-இல் வந்த கேட்டலினாவிலிருந்து ஃபைண்டரிலேயே போன் தெரியும். தனி மென்பொருள் வேண்டாம். விண்டோஸில் ஐட்யூன்ஸ், அல்லது மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் கிடைக்கும் ஆப்பிள் டிவைசஸ்.

இடம் இல்லாத ஐபோனுக்கு நான் தயங்காமல் சொல்வது இந்த வழியைத்தான். போனிலேயே போட்டால் கோப்பை இறக்கவும் விரிக்கவும் போனிலேயே இடம் வேண்டும். பற்றாக்குறையானால் சில ஆப்களைத் தற்காலிகமாக எடுத்துவிட்டு அப்புறம் திரும்பப் போட்டுக்கொள்கிறேன் என்று ஐஓஎஸ் கேட்கும். அதுவும் சில சமயம் போதாது. கணினி வழியில் இந்த வேலையெல்லாம் கணினியின் ஹார்ட் டிஸ்க்கில் நடக்கும். 64 ஜிபி ஐபோனைக் குழந்தைகளின் வீடியோக்களால் நிரப்பி வைத்திருப்பவர்கள் எதையும் அழிக்காமலே புதிய பதிப்புக்குப் போகலாம். சமீப மாடல்களுக்கு முழுக் கோப்பு 7 ஜிபியைத் தாண்டும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

லோகோவில் மாட்டிய ஐபோனுக்கும் இதுதான் வழி. ஐபோன் 8-லும் அதற்குப் பிறகு வந்தவற்றிலும் வால்யூம் அப்பை ஒரு தட்டு, வால்யூம் டவுனை ஒரு தட்டு, பிறகு பக்கவாட்டுப் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆப்பிள் லோகோ வந்தாலும் விடக் கூடாது. கேபிளும் கணினியும் வரைந்த படம் வந்த பிறகுதான் விரலை எடுக்கலாம். அதுதான் ரிகவரி மோடு. இப்போது கணினியில் இரண்டு பட்டன்கள் வரும்: ஒன்று அப்டேட், இன்னொன்று ரீஸ்டோர். இந்த இடத்தில் நிதானம் வேண்டும். அப்டேட், தரவைத் தொடாமல் சிஸ்டத்தை மட்டும் மறுபடி எழுத முயலும். ரீஸ்டோர் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடும். பதற்றத்தில் இருப்பவருக்கு ‘ரீஸ்டோர்’ என்றால் போனதைத் திரும்பத் தரும் என்று தோன்றுவது இயல்பு. தராது. எப்போதும் முதலில் அப்டேட். அது பலிக்கவில்லை என்றால் மட்டுமே மற்றது.

இணையம் மெதுவாக இருந்தால் இன்னொரு சிக்கல் வரும். கோப்பு இறங்க 15 நிமிடத்துக்கு மேலானால் போன் ரிகவரி மோடிலிருந்து தானாக வெளியே வந்துவிடும். கெட்டுப்போனதாக நினைக்க வேண்டாம். முழுக்க இறங்கும்வரை விட்டுவிட்டு, அதே பட்டன் வரிசையை மறுபடி செய்தால் போதும். 9, 4005, 4013, 4014 என்ற எண்களில் பிழை வந்தால், நடுவில் இணைப்பு அறுந்தது என்று பொருள். முதலில் கேபிளை மாற்றுங்கள், அடுத்து யூஎஸ்பி போர்ட்டை, அதற்கும் அடுத்து கணினியையே. போனைக் கழற்றிப் பார்ப்பது கடைசிப் பேச்சு.

ஆப்பிளிடம் முடியாத ஒன்று, பழைய பதிப்புக்குத் திரும்புவது. கணினி எந்தக் கோப்பை ஏற்றினாலும் ஆப்பிளின் சர்வர் கையொப்பமிட்டு அனுமதித்தால்தான் போன் ஏற்கும். புதியது வந்து கொஞ்ச நாளில் பழையதற்கு அனுமதியை நிறுத்திவிடுவார்கள். புதிய ஐஓஎஸ்ஸில் எடுத்த பேக்அப் பழைய ஐஓஎஸ்ஸில் ஏறவும் ஏறாது. பீட்டா என்ற சோதனைப் பதிப்பைப் போட்டுப் பார்த்துவிட்டு உடனே பழைய நிலைக்குத் திரும்ப நினைப்பவர்களுக்கு, அழித்துவிட்டுக் கணினி வழியாக மறுபடி ஏற்றுவதுதான் ஒரே பாதை. பீட்டாவுக்கு முன்னால் கணினியில் எடுத்த பேக்அப் இருந்தால் தப்பித்தார்கள்.

பேக்அப் விஷயத்திலும் கணினிக்கே என் ஓட்டு. ஐகிளவுடில் இலவசம் 5 ஜிபி மட்டும். கணினியில் எடுக்கும்போது ‘என்கிரிப்ட்’ பெட்டியை டிக் செய்யுங்கள். அப்போதுதான் சேமித்த பாஸ்வேர்டுகள், வைஃபை விவரங்கள், ஹெல்த் தரவு எல்லாம் சேர்ந்து வரும். அதற்கு வைக்கும் பாஸ்வேர்டை எழுதி வையுங்கள். மறந்தால் அந்த பேக்அப்பை யாராலும் திறக்க முடியாது. விண்டோஸில் பேக்அப் சி டிரைவில்தான் போய் உட்காரும் என்பதால் அங்கே இடம் இருக்கிறதா என்று முன்பே பார்த்துவிடுவது நல்லது.

ஆண்ட்ராய்டு: நிறுவனம் தரும் மென்பொருள்

ஆண்ட்ராய்டில் எல்லாருக்கும் பொதுவான ஃபைண்டர் மாதிரி ஒன்று கிடையாது. சாம்சங்குக்கு ஸ்மார்ட் ஸ்விட்ச், மோட்டோரோலாவுக்கு சாஃப்ட்வேர் ஃபிக்ஸ். பல நிறுவனங்கள் எதையுமே தருவதில்லை. ஸ்மார்ட் ஸ்விட்சை பேக்அப்புக்காக நம்பிப் பயன்படுத்தலாம். அதிலுள்ள அவசர மீட்பு வசதி, துடைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கும் வகை. தரவைக் காப்பாற்றுவது அதன் வேலை இல்லை. மோட்டோரோலாவின் மென்பொருள் போனை அடையாளம் கண்டு சரியான கோப்பைத் தானே இறக்கிக்கொள்ளும் என்பது நல்ல விஷயம். தப்பான கோப்பைப் போட்டுவிடுவோமோ என்ற பயம், அடுத்து வரும் வழிகளில் இருப்பதுபோல, இதில் இல்லை.

ஏடிபி சைட்லோடு

ஏடிபி என்பது கணினியிலிருந்து ஆண்ட்ராய்டு போனுக்குக் கட்டளை அனுப்பும் கருவி. உங்களிடம் இருப்பது பிக்சல் என்றால் நான் மிகவும் மதிக்கும் வழி இது. இவ்வளவு நல்ல வழி இவ்வளவு குறைவாகத் தெரிந்திருப்பது எனக்கு வருத்தம்தான். ஒவ்வொரு பிக்சல் மாடலுக்குமான முழு ஓடிஏ கோப்பை (போனிலேயே வரும் அப்டேட்டின் முழு வடிவம்) கூகுள் தன் டெவலப்பர் தளத்தில் வெளிப்படையாக வைத்திருக்கிறது. பிளாட்ஃபார்ம் டூல்ஸ் என்ற சின்னத் தொகுப்பைக் கணினியில் இறக்கிக்கொண்டு, போனை ரிகவரி மோடுக்குக் கொண்டுபோய், ‘அப்ளை அப்டேட் ஃப்ரம் ஏடிபி’ என்பதைத் தேர்ந்தெடுத்து, கணினியில் ‘ஏடிபி சைட்லோடு’ கட்டளையோடு கோப்பின் பெயரைக் கொடுத்தால் வேலை நடக்கும். பூட்லோடரை, அதாவது போன் கிளம்பும்போது முதலில் ஓடி, எந்த சிஸ்டத்தை அனுமதிப்பது என்று பார்க்கும் நிரலை, திறக்க வேண்டாம். தரவு அழியாது. போன் கிளம்பவே மறுக்கும் நிலையிலும் ரிகவரி மோடு வருகிறதென்றால் இதைச் செய்யலாம். கணினியின் கட்டளைகளைப் போன் ஏற்க அனுமதிக்கும் யூஎஸ்பி டீபக்கிங் என்ற செட்டிங்கை முன்பே ஆன் செய்து வைத்திருக்க வேண்டும் என்றும் இல்லை.

பாதுகாப்புக்குக் காரணம், கோப்பின் கையொப்பத்தைப் போனே சரிபார்ப்பதுதான். கூகுள் கையொப்பமிடாத கோப்பையும் வேறு மாடலின் கோப்பையும் அது திருப்பி அனுப்பிவிடும். ஏற்கெனவே இருப்பதைவிடப் பழையதையும் ஏற்காது. இவ்வளவு காவல் இருக்கும் இடத்தில் நாம் பெரிதாகத் தவறிவிட முடியாது.

தொந்தரவுகள் இல்லாமல் இல்லை. பிக்சலில் ரிகவரிக்குள் போனதும் படுத்திருக்கும் ஆண்ட்ராய்டு பொம்மையும் ‘நோ கமாண்ட்’ என்ற வார்த்தையும் வரும். பலர் அங்கேயே பயந்து நிறுத்திவிடுகிறார்கள். பவர் பட்டனைப் பிடித்தபடி வால்யூம் அப்பை ஒருமுறை தட்டினால் மெனு திறக்கும். விண்டோஸில் கூகுள் யூஎஸ்பி டிரைவர் இல்லாவிட்டால் கணினிக்குப் போனே தெரியாது. மேக்கில் அந்தச் சிக்கல் இல்லை. சில சமயம் கணினித் திரையில் 47 சதவீதத்தில் நின்று, தோற்றதுபோல ஒரு வரியும், அதன் கடைசியில் ‘சக்சஸ்’ என்ற சொல்லும் வரும். கேபிளை உருவிவிடாமல் போன் திரையைப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே வேலை முடிந்திருக்கும்.

அப்டேட் மற்றவர்களுக்கு வந்து நமக்கு வரவில்லை என்ற நிலைக்கும் இது பதில். நிறுவனங்கள் புதிய பதிப்பை எல்லாருக்கும் ஒரே நாளில் அனுப்புவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிட்டு, புகார் வருகிறதா என்று பார்ப்பார்கள். அதனால் அவசரம் இல்லாதவர்கள் காத்திருப்பதே மேல். முந்திக்கொண்டு போடுபவர் அந்தச் சோதனைக் கூட்டத்தில் தானாகப் போய்ச் சேர்கிறார்.

ஃபிளாஷ் செய்வது: ஓடின், மி ஃபிளாஷ், ஃபாஸ்ட்பூட்

மொபைல் கடைகளில் ‘சாஃப்ட்வேர் அடிக்கணும்’ என்பார்களே, அது பெரும்பாலும் இதுதான். போனின் பகுதிகளைக் கணினி நேரடியாக எழுதும். சக்தி அதிகம், காவல் குறைவு. செத்த போனை எழுப்பவும் இது உதவும், நல்ல போனைச் சாகடிக்கவும் உதவும்.

சாம்சங்கின் ஓடின், நிறுவனத்துக்குள் பயன்படுத்த உருவாக்கி வெளியே கசிந்த மென்பொருள். பொதுமக்களுக்கென்று சாம்சங் வெளியிட்டதில்லை. அதிகாரபூர்வக் கோப்பைத்தான் போடுகிறீர்கள் என்றால் பூட்லோடரைத் திறக்க வேண்டியதில்லை, சாம்சங்கின் பாதுகாப்பு அமைப்பான நாக்ஸும் கெடாது. கோப்புகள் பிஎல், ஏபி, சிபி, சிஎஸ்சி என்று பிரிந்து வரும். கவனம் வேண்டியது கடைசியில்: சிஎஸ்சி என்று ஒன்றும் ஹோம் சிஎஸ்சி என்று ஒன்றும் இருக்கும். ஹோம் என்று ஆரம்பிப்பதைப் போட்டால் தரவு தங்கும். வெறும் சிஎஸ்சியைப் போட்டால் போன் துடைக்கப்படும். பெயரில் ஒரு சொல்தான் வித்தியாசம், ஆனால் அதற்குள் பல வருடப் போட்டோக்கள் இருக்கின்றன. ‘ரீ-பார்ட்டிஷன்’ பெட்டியைத் தொடவே வேண்டாம். பூட்லோடர் எண் ஏற்கெனவே உள்ளதைவிடக் குறைந்த கோப்பை போன் மறுத்துவிடும். அதை ஏமாற்றக் குறுக்குவழி தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். அதிகாரபூர்வமல்லாத கோப்பைப் போட்டால் நாக்ஸ் ஃபியூஸ் 0-விலிருந்து 1-க்கு மாறும். அது வன்பொருளில் நடப்பது, திரும்பாது. ரகசியக் கோப்புகளைப் பூட்டி வைக்கும் செக்யூர் ஃபோல்டர் அன்றோடு போச்சு.

ஷாவ்மியின் மி ஃபிளாஷைப் பற்றி ஒரே எச்சரிக்கை, ஆனால் பெரிய எச்சரிக்கை. திரையின் அடியில் மூன்று தேர்வுகள் இருக்கும். ‘க்ளீன் ஆல் அண்ட் லாக்’ என்பதுதான் தானாகத் தேர்வாகி நிற்கும். அப்படியே விட்டால் தரவும் அழியும், பூட்லோடரும் பூட்டிக்கொள்ளும். சீனாவுக்கான போனில் வேறு நாட்டுக்கான ரோமை, அதாவது சிஸ்டம் கோப்பை, போட்டு இப்படிப் பூட்டிவிட்டால் போன் கிளம்பாது. ஃபிளாஷ் பட்டனுக்கு முன்னால் அந்த மூலையைப் பாருங்கள்.

ஃபாஸ்ட்பூட் என்பது பூட்லோடர் வழியாகக் கணினி எழுதும் முறை. பிக்சலுக்கு அதை குரோம் பிரவுசரிலேயே செய்துதரும் ஆண்ட்ராய்டு ஃபிளாஷ் டூல் இருக்கிறது. மூன்றில் இதுவே நாகரிகமானது, எல்லாவற்றையும் அதுவே வழிநடத்தும். ஆனால் பூட்லோடர் திறந்திருக்க வேண்டும். திறக்கும்போது ஒருமுறை போன் முழுதாக அழியும், திரும்பப் பூட்டும்போது இன்னொருமுறை அழியும். சைட்லோடால் முடிகிற வேலைக்கு இதை எடுக்கக் காரணமே இல்லை. பழைய பதிப்புக்குத் திரும்புவதுதான் இதன் உண்மையான பயன், அதற்கும் எல்லை உண்டு. 2022 ஆகஸ்டில் ஆண்ட்ராய்டு 13 வந்தபோது பிக்சல் 6, 6 ப்ரோ, 6ஏ மூன்றிலும் பூட்லோடரில் ஒரு பாதுகாப்பு ஓட்டையை அடைத்தார்கள். அதற்குப் பிறகு அவற்றில் ஆண்ட்ராய்டு 12-க்குத் திரும்ப வழியில்லாமல் போனது.

தொடங்குவதற்கு முன்னால்

தரவு அழியாது என்று சொல்லும் வழியிலும் பேக்அப் எடுத்துவிட்டே இறங்குங்கள். போட்டோவும் வாட்ஸ்அப்பும் எல்லாருக்கும் நினைவு வரும். மறப்பது வேறு. ஆண்ட்ராய்டு 5.1-லிருந்து ஒரு காவல் இருக்கிறது: ரிகவரி வழியாகத் துடைக்கப்பட்ட போன், முன்பு அதிலிருந்த கூகுள் கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்கும். ஐபோன் ஆப்பிள் கணக்கைக் கேட்கும். அம்மா, அப்பாவின் போனில் யாரோ எப்போதோ தொடங்கிக் கொடுத்த கணக்கு இருக்கும். பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. போனைத் தொடுவதற்கு முன்னால் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அழிந்த பிறகு யூபிஐ ஆப்களை மறுபடி பதிவு செய்ய, வங்கியில் கொடுத்த எண்ணின் சிம் அதே போனில் இருந்து எஸ்எம்எஸ் போக வேண்டும். சிம்மில் ரீசார்ஜ் தீர்ந்திருந்தால் அங்கேயே நின்றுவிடும்.

கேபிள் தரவு போகிற கேபிளா என்று பாருங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றுகிற மலிவுக் கேபிள்கள் நிறையப் புழங்குகின்றன. யூஎஸ்பி ஹப் வேண்டாம், நேராகக் கணினியில் மாட்டுங்கள். கரண்ட் போகும் ஊரில் யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பைவிட நல்ல பேட்டரியுள்ள லேப்டாப் பாதுகாப்பு.

எதை எடுப்பது

ஐபோனில் இடமில்லை என்றாலும் சரி, மாட்டிக்கொண்டாலும் சரி, கணினியை எடுங்கள். இரண்டாவது யோசனை தேவையில்லை. பிக்சலுக்கு எந்தச் சிக்கலானாலும் முதலில் சைட்லோடு. ஆண்ட்ராய்டில் இடமில்லை என்பதற்காக மட்டும் ஃபிளாஷ் செய்வது சரியான கணக்கு அல்ல. போட்டோக்களைக் கணினிக்கு மாற்றிவிட்டு, காலியான இடத்தில் போனிலேயே அப்டேட் போட்டால் அதே பலன், ஆபத்தில்லாமல்.

லோகோவில் மாட்டிய சாம்சங்குக்கு, பேக்அப் இல்லை, உள்ளே இருப்பவை முக்கியம் என்றால், அதே மாடல், அதே பகுதிக்கான அதிகாரபூர்வக் கோப்பை ஹோம் சிஎஸ்சியோடு ஓடினில் போட்டுப் பார்ப்பது நியாயமான முயற்சி. மேலே சொன்ன சொற்களைப் படிக்கும்போதே தலை சுற்றுகிறதென்றால் சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். கடையில் கொடுத்தாலும் ‘டேட்டா போகாம பண்ண முடியுமா, முடியாட்டி என்கிட்ட கேட்காம ஆரம்பிக்காதீங்க’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பல இடங்களில் போனை வாங்கியதும் முதல் வேலையாகத் துடைத்துவிடுகிறார்கள், அவர்களுக்கு அது நேரம் மிச்சம் என்பதால்.

நிறுவனம் அப்டேட்டை நிறுத்திவிட்ட பழைய போன் மட்டும் தனிக் கதை. ஆண்ட்ராய்டை மாற்றி வெளியிட்டுவந்த சயனோஜன்மாட் 2016 டிசம்பரில் முடிந்ததும் அதன் தொடர்ச்சியாக வந்த லினியேஜ் ஓஎஸ் இன்றும் பல பழைய மாடல்களுக்குப் புதிய ஆண்ட்ராய்டைத் தருகிறது. பூட்லோடரைத் திறந்துதான் போட வேண்டும் என்பதால் வங்கி ஆப்களில் பல ஓட மறுக்கலாம். பல போன்களில் ஓடிடி வீடியோக்களும் குறைந்த தரத்தில்தான் வரும். அதனால் தினமும் ஜிபேயில் பணம் அனுப்பும் போனில் இதைப் போடச் சொல்ல மாட்டேன். மேசை இழுப்பறையில் கிடக்கும் இரண்டாவது போன், உங்கள் மாடலின் பெயர் லினியேஜ் தளத்தின் பட்டியலில் இருக்கிறது, உள்ளே காப்பாற்ற எதுவும் இல்லை என்றால் தாராளமாகச் செய்யுங்கள். ஃபிளாஷ் செய்யக் கற்றுக்கொள்ளவும் அந்தப் போன்தான் சரியான போன்.